பூட்டிய வீடும் பட்டா புத்தகமும்

காசியிலிருந்து திரும்பி இரண்டு நாள் ஆகிறது. பத்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும்.

வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ்தான் சொல்கிறது. மனுவோடு போனேன். பாராவில் நின்றவர் தெருப் பெயரைக் கேட்டதுமே, "இது எங்க லிமிட் இல்லை, ரோட்டுக்கு அந்தப் பக்க ஸ்டேஷனுக்குப் போங்க" என்றார். அங்கே முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, பழைய ஸ்டேஷனுக்கே திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் போனால் ரைட்டர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டாராம், மனுவை வாங்க ஆளில்லை. இரண்டு நாள் பெர்மிஷன் போட்டது வீண். (பாஸ்போர்ட் விசாரணைக்கு எந்த ஸ்டேஷனிலிருந்து வந்தார்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். இந்த அலைச்சல் மிச்சம்.)

எதிர்வீட்டு அண்ணன்தான் வழி சொன்னார். அவர் ஒருகாலத்தில் ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸில் இருந்தவர். 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கி, சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் தடை செய்யப்பட்டதே, போலீஸுக்கு உதவும் அந்தத் தன்னார்வலர் அமைப்புதான். "ராத்திரி பிள்ளையார் கோயில்ல பட்டா புக்ல கையெழுத்துப் போட பீட் போலீஸ் வருவார். அவரைப் பிடி தம்பி" என்றார்.

பட்டா புக் என்பது ரோந்து வரும் போலீஸ் வந்துபோனதற்குக் கையெழுத்துப் போடும் நோட்டு. பதினொரு மணிக்குக் காத்திருந்து அந்த பீட் போலீஸைப் பார்த்தேன். அவர் கேட்டதெல்லாம் எனக்குத் தோன்றாத கேள்விகள். இரவில் எந்த விளக்கு எரியும்? மாற்றுச் சாவி யாரிடம்? மாடிக்கு வெளிப்படி உண்டா? தேதியையும் என் போன் நம்பரையும் குறித்துக்கொண்டார். ரைட்டரிடமும் அவரே சொல்லிவிட்டார். காலையில் ஐந்தே நிமிடத்தில் மனு நகலில் சீல் விழுந்தது.

நான்காம் நாள் காசியில் இருக்கும்போது அவரிடமிருந்து போன். "சார், வாசல்ல மூணு நாள் பேப்பர் கிடக்கு. வீட்ல ஆளில்லன்னு பளிச்சுனு தெரியுது. எதிர்வீட்ல சொல்லி எடுக்க வச்சுட்டேன்."

பாலை நிறுத்தியிருந்தேன், பேப்பரை மறந்துவிட்டேன். எங்கள் தெருவில் எந்த வாசல் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் கண்ணில்தானே அது படும்! நீங்களும் ஊருக்குக் கிளம்பும் முன் உங்கள் தெரு பீட் போலீஸின் நம்பரை வாங்கிவையுங்கள்.

நேற்று இரவு காசிக் கயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிக்கொண்டு கையெழுத்தைப் போட்டவர், "அடுத்த தெருவுல ஒரு வீடு பூட்டிருக்கு சார், பார்த்துட்டு வரேன்" என்று வண்டியை எடுத்தார்.