எங்கள் வகுப்பில் நான்கு சரோஜாக்கள்

வரவு இடாப்பில் "சரோஜா" என்று ரீச்சர் கூப்பிட்டால் மூன்று குரல் எழும்பும். நான்காமவள் சரோஜினி, தன் பெயரைத்தான் சுருக்கிவிட்டார்களோ என்ற சந்தேகத்தில் அவளும் எழுந்து நிற்பாள். கடைசியில் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுத்தான் தீர்த்தார்கள்: இணுவில் சரோஜா, கோண்டாவில் சரோஜா. நான் உரும்பிராய் சரோஜா.

இதற்கெல்லாம் காரணம் ஒரு சின்னப் பிள்ளை. 1937இல் வந்த 'பாலயோகினி' படத்தில் நடித்த பேபி சரோஜாவுக்கு அப்போது ஆறு வயதுதான் இருக்கும். இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்று கொண்டாடினார்கள். பிறக்கிற பெண் குழந்தைக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைப்பது ஒரு காய்ச்சலாகவே பரவியது. 1942இல் நான் பிறந்தபோதும் எங்கள் ஐயாவுக்கு அந்தக் காய்ச்சல் இறங்கியிருக்கவில்லை. அப்பாச்சி எனக்கென்று வைத்திருந்த பெயர் சிவக்கொழுந்து. தப்பினேன்.

சரோஜினியின் தகப்பனார் கதர் உடுத்தவர். 1925இல் கான்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய, 1947இல் ஐக்கிய மாகாண ஆளுநரான சரோஜினி நாயுடுவின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார். போதாக்குறைக்குப் பண்டிதர் ஒருநாள் விளக்கம் சொன்னார்: சரஸ் என்றால் குளம், அதில் பிறந்தது சரோஜம், அதாவது தாமரை, சரோஜினி என்றால் தாமரை நிறைந்த குளம். அன்றோடு அவள் நடையே மாறிவிட்டது. "நீங்கள் ஆளுக்கொரு பூ. நான் முழுக்குளம்" என்பாள்.

1959இல் 'கல்யாணப் பரிசு' வந்தது. சரோஜாதேவியின் புண்ணியத்தில், சைக்கிளில் போகும் பெடியன்களுக்கு நாங்கள் மூவரும் 'கன்னடத்துப் பைங்கிளி' ஆனோம். கோபப்பட்டதாக வீட்டில் சொன்னோம்.

1998 மே மாதம் ஓர் இரவு சரோஜினி ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர் சரோஜினி யோகேஸ்வரனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பதவிக்கு வந்து சில மாதங்கள்தான். கணவரும் 1989இல் கொழும்பில் துப்பாக்கிக்கே இரையானவர். அன்று அவள் குளம், பூ என்று எதுவும் பேசவில்லை. நெடுநேரம் இருவரும் தொலைபேசியைப் பிடித்தபடி இருந்தோம்.

எங்கள் பழைய மாணவர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். உறுப்பினர் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர்களையும் தயவுசெய்து போடுங்கள். போன வருடம் நான் கட்டிய சந்தா கோண்டாவில் சரோஜாவின் பெயரில் வரவாகியிருக்கிறது. அவள் திருப்பித் தரமாட்டாள். கடன் கொடுத்த கொம்பாஸ் பெட்டியையே இன்னும் தரவில்லை.