கல்லூரி குவார்ட்டர்பேக்கை எடைபோடும்போது நான் பார்ப்பவை

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக் என்எஃப்எல். கல்லூரி ஆட்டக்காரர்களை அதன் அணிகள் முறைவைத்து எடுக்கிற டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் நடக்கும். அமெரிக்காவில் அது தொடங்குவது வியாழக்கிழமை இரவு, நமக்கு வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரை. மொத்தம் 32 அணிகள், ஏழு சுற்றுகள். போன வருடம் மோசமாக ஆடிய அணிதான் முதலில் ஆள் எடுக்கும். வேறு எந்த இடத்துக்கு எடுத்த ஆள் சரியில்லை என்றாலும் ஒரு அணி சமாளித்துவிடும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கில் தப்பினால் அப்படி இல்லை. பயிற்சியாளருக்கு வேலை போகும், ஆள் எடுத்த மேலாளருக்கும் போகும், அணி எழுந்திருக்க நாலைந்து வருடமாகும். இவ்வளவு பணமும் ஆட்களும் கணினியும் வைத்திருப்பவர்கள் இதில் திரும்பத் திரும்பத் தப்புகிறார்களே, ஏன் என்பதுதான் என்னை இந்த ஆட்டத்தில் பிடித்து உட்கார வைத்த கேள்வி.

நான் குலசேகரத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். கல்லூரி ஆட்டங்களின் வீடியோ வரும். ஒவ்வொரு ஆட்டநகர்விலும் யார் எங்கே நின்றார், எத்தனை பேர் பாய்ந்து வந்தார்கள், பந்து யாரை நோக்கிப் போனது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். டிவியில் வருகிற படம் இல்லை இது. 22 பேரும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி உயரத்திலிருந்து எடுத்தது ஒன்று, ஆட்டக்காரர்களுக்குப் பின்னாலிருந்து எடுத்தது இன்னொன்று. டிவி கேமரா பந்தின் பின்னால் ஓடிவிடும். பந்து போகாத இடத்தில் யார் தனியாக நின்றார் என்பது அதில் தெரியாது. குவார்ட்டர்பேக் எதைப் பார்க்காமல் விட்டான் என்பது உயரத்துக் கேமராவில்தான் தெரியும்.

நம் குமரி மாவட்டத்தில், அதிலும் தூத்தூர், சின்னத்துறை பக்கம், ஃபுட்பால் என்றால் காலால் ஆடுவதுதான். இது வேறு ஆட்டம். பத்து கஜம் முன்னேற நாலு முயற்சி கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். அவனைச் சுற்றி ஐந்து லைன்மேன்கள் அரண் கட்டுவார்கள். அந்த அரணுக்குள் இருக்கிற சின்ன இடத்துக்குப் பாக்கெட் என்று பெயர். அதற்குள் நின்று, சுமார் இரண்டரை நொடிக்குள், எறிவதா, எறிந்தால் யாருக்கு, இல்லை ஓடுவதா என்று அவன் முடிவு செய்ய வேண்டும். இந்த அளவு தெரிந்தால் போதும், மீதி புரிந்துவிடும்.

முதலில் எண்கள். கல்லூரி எண்களை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஜோ பர்ரோ என்கிற குவார்ட்டர்பேக் 2018-இல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணிக்கு ஆடினார். டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது, அதில் முடிந்த பாஸ் 16. எறிந்ததில் நூற்றுக்கு 57.8 பாஸ் போய்ச் சேர்ந்தது. அந்த வருடத்தை வைத்து அவரை முதல் சுற்றில் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அடுத்த வருடம், 2019-இல், 60 டச்டவுன், 76.3 சதவீதம், சாம்பியன் பட்டம், 2020 டிராஃப்டில் முதல் ஆள். கை அதே கைதான். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி வந்து பாஸ் ஆட்டத்தைப் புதிதாக அமைத்தார். ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஜமார் சேஸும் பந்து பிடித்தார்கள். ஒரு பையனின் எண்ணில் எத்தனை பேருடைய உழைப்பு கலந்திருக்கிறது என்று பாருங்கள்.

கல்லூரி விதிகளும் எண்ணைக் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது பந்தை வைக்கிற ஹாஷ் கோடுகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் இருக்கும். என்எஃப்எல்-இல் பதினெட்டரை அடிதான். அதனால் கல்லூரியில் பந்து ஓரமாக இருக்கும்போது மறுபக்கம் பெரிய வெளி திறந்து கிடக்கும், பந்து பிடிக்கிற ரிசீவர் தனியாக நிற்பார். பாஸ் எறிவதற்கு முன் லைன்மேன் மூன்று கஜம் வரை முன்னே போகலாம். என்எஃப்எல்-இல் ஒரு கஜம்தான். ஓடுவது மாதிரி காட்டிவிட்டு எறிகிற ஆட்டம் கல்லூரியில் அவ்வளவு சுலபமாக எடுபடுவதற்கு இது பெரிய காரணம். பந்தைப் பிடிப்பவர் கல்லூரியில் ஒரு காலை எல்லைக்குள் வைத்தால் போதும், அங்கே இரண்டு கால். பக்கவாட்டில் இரண்டு கஜம் தட்டிவிட்டு ரிசீவர் நாற்பது கஜம் ஓடினாலும் அது குவார்ட்டர்பேக் கணக்கில்தான் ஏறும். அந்த எறிதல்களையெல்லாம் நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். ஒதுக்கியபின் மிஞ்சுவதில்தான் பையன் தெரிவான்.

அளவெடுக்கிற சடங்கு பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸில் நடக்கும். உயரம், எடை, உள்ளங்கை அகலம், 40 கஜ ஓட்டம். கென்னி பிக்கெட்டின் கை எட்டரை அங்குலம்தான் என்று 2022-இல் வாரக்கணக்கில் பேசினார்கள். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 40 கஜத்தை ஓட 5.28 நொடி எடுத்தார், 2000-இல் 199-ஆவது ஆளாகத்தான் போனார். இந்த அளவுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நான் நேரம் செலவிடுவது கால்களில். ஒரு பையனின் வீடியோவைத் திறந்தால் முதல் ஓட்டத்தில் பந்தை நான் பார்ப்பதே இல்லை. அரண் நன்றாக நிற்கும்போது எல்லோர் காலும் அழகாகத்தான் இருக்கும். வலதுபக்கம் ஒருவன் உடைத்துக்கொண்டு வரும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சிலர் உடனே முதுகைக் காட்டி ஓடுவார்கள். கல்லூரியில் அது பலிக்கும், ஏனென்றால் துரத்துகிறவன் இவனைவிட மெதுவானவன். மேலே போனால் துரத்துகிறவன் இவனைவிட வேகம். சிலர் அரை அடி முன்னே ஏறி, தோளைச் சாய்த்து, பார்வையை மட்டும் கீழே இறக்காமல் நிற்பார்கள். அந்த அரை அடி எனக்கு எழுபது கஜ எறிதலைவிடப் பெரியது. பாயப்போகிறவர்கள் மேல் கண் போய்விட்டால் தூரத்து ரிசீவரை அந்தப் பையன் மறந்துவிட்டான் என்று அர்த்தம். பின்னாலிருந்து எடுத்த படத்தில் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். முதல் ஆள் மூடப்பட்டதும் ஹெல்மெட் இரண்டாம் ஆளுக்கு, மூன்றாம் ஆளுக்குத் திரும்புகிறதா, முதல் ஆளிடமே நின்றுவிடுகிறதா? கால்களும் ஹெல்மெட்டோடு சேர்ந்து திரும்ப வேண்டும். கண் மட்டும் திரும்பி கால் பழைய திசையிலேயே நின்றால் எறிதல் உயரமாகப் போய்விடும்.

மூன்றாவது முயற்சி, ஏழு கஜத்துக்கு மேல் வேண்டும் என்கிற நிலைமைகளை மட்டும் தனியாக வெட்டி அடுக்கிக்கொள்வேன். பாஸ்தான் வரும் என்று எதிரணிக்கும் தெரியும், ஏமாற்று வேலை செல்லாது. அதிலும் வலுவான டிஃபென்ஸ் உள்ள அணிகளோடு ஆடிய ஆட்டங்கள். பலவீனமான அணியை 50 புள்ளி வித்தியாசத்தில் அடித்த ஆட்டம் எனக்கு எதுவும் சொல்லாது. அப்புறம், எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுகிற இன்டர்செப்ஷன் கொடுத்த பிறகு அடுத்த தடவை பந்து கைக்கு வந்ததும் என்ன செய்கிறான்? பயந்து எல்லாவற்றையும் பக்கத்திலேயே தட்டிவிடுகிறவனும் உண்டு, கோபத்தில் இரண்டு மடங்கு ஆபத்தாக எறிகிறவனும் உண்டு. ஒன்றுமே நடக்காத மாதிரி சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் எறிகிறவனை நான் அடிக்கோடிட்டு வைப்பேன்.

எத்தனை ஆட்டம் ஆரம்பத்திலிருந்து ஆடியிருக்கிறான் என்பதும் முக்கியம். 2017-இல் இரண்டாம் ஆளாகப் போன மிட்செல் டிரபிஸ்கி, 2023-இல் நாலாம் ஆளாகப் போன ஆண்டனி ரிச்சர்ட்சன், இருவருமே கல்லூரியில் 13 ஆட்டம்தான் தொடங்கியவர்கள். எதிரணி இவர்களைப் படித்து மாற்றுத் திட்டம் போட்டு வந்தால் இவர்கள் பதிலுக்கு என்ன செய்வார்கள் என்று பார்ப்பதற்கே 13 ஆட்டம் போதாது. இன்னொரு பக்கம் பிராக் பர்டி. ஐயோவா ஸ்டேட்டில் நான்கு பருவம் ஆடினார், 2022-இல் கடைசி ஆளாக, 262-ஆவதாக, எடுத்தார்கள். இரண்டாவது பருவத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோவை இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். ஆட்டப் பழக்கத்தை இந்தத் தொழில் குறைத்து மதிப்பிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவும் பையனைப் பற்றியது. இது பாதிதான் என்று எனக்குப் புரியவைத்தது 2018 டிராஃப்ட். அந்த வருடம் முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள்: பேக்கர் மேஃபீல்ட் முதல், சாம் டார்னால்ட் மூன்றாவது, ஜாஷ் ஆலன் ஏழாவது, ஜாஷ் ரோசன் பத்தாவது, லமார் ஜாக்சன் 32-ஆவது.

ஐவரில் எறிகிற முறை மிகச் சுத்தமானது ரோசனுடையது என்று அன்று பலர் சொன்னார்கள். படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் அது பொய்யில்லை. அரிசோனா எடுத்தது. அரண் உடைந்த அணி அது. பருவத்தின் நடுவிலேயே ஆட்டத்திட்டம் வகுப்பவரை மாற்றினார்கள், முடிவில் தலைமைப் பயிற்சியாளரையும் அனுப்பினார்கள். அடுத்த ஏப்ரலில் கைலர் முரேயை முதல் ஆளாக எடுத்துவிட்டு, ரோசனை மயாமிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே வருடம். அதற்குப்பின் அவர் எங்கும் ஊன்றவில்லை.

ஆலன் கலிஃபோர்னியாவில் ஒரு பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. ரீட்லி என்கிற ஜூனியர் கல்லூரியில் ஆடி, பயிற்சியாளர்களுக்குத் தானே ஈமெயில் அனுப்பி, வயோமிங் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருடைய பாஸ் சதவீதம் 56.2. குறி தவறி எறிகிறவன் மேலே போனாலும் குறி தவறித்தான் எறிவான் என்று எண்களை நம்புகிறவர்கள் அடித்துச் சொன்னார்கள். பஃபலோவில் முதல் வருடம் 52.8. அவர்கள் சொன்னது சரி மாதிரிதான் இருந்தது. ஆனால் பஃபலோ ஒன்றையும் கலைக்கவில்லை. தலைமைப் பயிற்சியாளர் அதே ஷான் மெக்டெர்மட், ஆட்டத்திட்டம் அதே பிரையன் டேபோல். அரணைக் கட்டினார்கள், 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்கிற ரிசீவரைக் கொண்டுவந்தார்கள். ஆலன் தன் கால்வைப்பைத் திருத்தினார். 58.8, அப்புறம் 69.2. 2024 பருவத்தின் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர், அவர்தான்.

ஜாக்சனை ரிசீவராக மாற்றச் சொன்னவர்கள்கூட உண்டு. கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய பையனை! பால்டிமோர் அவரை மாற்றாமல், 2019-இல் ஆட்டத்திட்டம் வகுக்கக் கிரெக் ரோமனை வைத்து அவருக்காக ஆட்டத்தையே மாற்றியது. 36 டச்டவுன் பாஸ், 1,206 கஜ ஓட்டம், ஒரு ஓட்டுகூடக் குறையாமல் எம்விபி. டார்னால்ட் நியூயார்க் ஜெட்ஸில் பயிற்சியாளர் மாற்றத்தில் சிக்கி, அணி அணியாக அலைந்து, 2024-இல் மின்னசோட்டாவில் பயிற்சியாளர் கெவின் ஓகானல் கையில் 14 ஆட்டம் ஜெயித்தார். ஆறு வருடம் தோற்றவன் என்று பெயர் வாங்கியவருடைய கையும் காலும் அந்த ஒரு கோடைக்காலத்திலா வந்தன? மேஃபீல்டும் அப்படித்தான், கிளீவ்லேண்ட் விட்டு, அலைந்து, டாம்பாவில் நிலைத்தார்.

என் அப்பா ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி. அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் எனக்கு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ரோசன் கதையை ஒருநாள் சொன்னேன். கேட்டுவிட்டு, "தடி பருக்காம கத்தி வெச்சா மரம் என்ன செய்யும் மக்ளே?" என்றார். ஐம்பது சென்டிமீட்டர் சுற்றளவு வராத மரத்தில் பட்டை வெட்டினால் அதன் வளர்ச்சி குன்றிப்போகும், அப்புறம் மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பேட்ரிக் மஹோம்ஸைக் கான்சஸ் சிட்டி 2017-இல் பத்தாவது ஆளாக எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் தொடங்கியது ஒரே ஒரு ஆட்டம், மற்றதெல்லாம் அனுபவசாலி குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் நின்று பார்த்ததுதான். அடுத்த வருடம் 50 டச்டவுன். பயிற்சியாளர் ஆண்டி ரீட் அவசரப்படவில்லை, அவசரப்பட வேண்டிய நெருக்கடியும் அந்த அணிக்கு இல்லை.

எல்லாத் தோல்வியையும் அணி தலையில் கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2007-இல் முதல் ஆளாகப் போன ஜமார்கஸ் ரஸ்ஸலின் கை வலுவுக்கு ஈடு சொல்வது கடினம். 25 ஆட்டம் தொடங்கி ஏழில் ஜெயித்தார், 2010-இல் ஓக்லண்ட் அனுப்பிவிட்டது. ஆலனும் ரஸ்ஸலும் பெரிய உடம்பு, பெரிய கை. ஆலன் ஒவ்வொரு கோடையிலும் எதையாவது திருத்திக்கொண்டு வந்தார். அதனால் ஒரு பையனின் முதல் பருவத்துப் படத்தையும் கடைசிப் பருவத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் அதே தவறு அதே மாதிரி இருந்தால் எனக்குப் பயம் வரும். தவறு மாறியிருந்தால், புதுத் தவறாகவே இருந்தாலும், நம்பிக்கை வரும்.

இப்போது நான் என் வரிசைப் பட்டியலில் ஒரு பையனுக்கு ஒரே இடம் கொடுப்பதில்லை. இடது ஓரத்து அரண் உறுதியாக இருக்கிற, ஆட்டத்திட்டம் வகுப்பவர் இரண்டு வருடமாவது நிலைக்கப்போகிற அணி என்றால் இவன் முதல் பத்தில் எடுக்க வேண்டியவன். தலைமைப் பயிற்சியாளரின் நாற்காலி ஆடுகிற அணி என்றால் இவனை இரண்டாம் சுற்று வரை தொடாதீர்கள். இப்படித்தான் எழுதுகிறேன். இந்த வருடப் பட்டியல் எங்கே என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதுதான். ஜனவரியில் பயிற்சியாளர்கள் மாறி முடியட்டும், மார்ச் நடுவில் ஒப்பந்தம் முடிந்த லைன்மேன்கள் எந்த அணிக்குப் போகிறார்கள் என்று தெரியட்டும். அதற்குப் பிறகு பெயர்களை வரிசைப்படுத்துகிறேன்.