கப்பலில் டாக்டர் இல்லை

சரக்குக் கப்பலில் டாக்டர் ஒருவர் இருப்பார் என்று மலேசியாவில் பந்திங், காப்பார் பக்கம் பல வீடுகளில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கமாட்டார். 100 பேரோ அதற்கு மேலோ ஏறி, மூன்று நாளுக்கு மேல் நீளும் பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலுக்குத்தான் டாக்டர் கட்டாயம். டேங்கரிலும் கண்டெய்னர் கப்பலிலும் மொத்தமே இருபது, இருபத்தைந்து பேர். மருந்துப் பெட்டியின் சாவி பெரும்பாலும் செகண்ட் ஆபீசரிடம் இருக்கும். அவர் கரையில் சிறு மருத்துவப் பயிற்சி முடித்தவர், அவ்வளவுதான். ஆகவே கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளையின் உடம்புக்கான பாதி வேலை, பெட்டி கட்டுவதற்கு முன்பே இங்கே நடந்தாக வேண்டும்.

முதலில் மெடிக்கல், அதாவது வேலைக்கு முந்தின மருத்துவப் பரிசோதனை. தாமான் முனையில் இருக்கும் கிளினிக்கில் எடுத்தால் செல்லாது. ஜபாத்தான் லாவுட், அதாவது கடல்துறை, அங்கீகரித்த டாக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதன் தலைமையகம் கிள்ளான் துறைமுகத்திலேயே இருக்கிறது. டாக்டர் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் தங்கள் டாக்டரிடம்தான் போகச் சொல்லும். அதை முன்கூட்டியே விசாரிக்காவிட்டால் இரண்டு முறை காசு கட்ட வேண்டி வரும். சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும், 18 வயது நிரம்பாதவருக்கு ஒரே வருடம். நிறப் பார்வைச் சோதனைக்கு ஆறு வருடம். நடுக்கடலில் காலாவதியானால், டாக்டர் கிடைக்கும் அடுத்த துறைமுகம் வரை, அதிகபட்சம் மூன்று மாதம், தாக்குப்பிடிக்கும். ஒப்பந்தம் ஒன்பது மாதம், சான்றிதழில் மிச்சம் நான்கு மாதம் என்றால் இப்போதே புதுப்பித்துவிடுவது நல்லது.

மெடிக்கலில் தோற்பவர்களில் பலர் நோயால் தோற்பதில்லை. ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்து, சிகரெட் இழுத்து, மோட்டாரை விரட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவுடன் கையில் பட்டையைச் சுற்றினால் இரத்த அழுத்தம் ஏறித்தான் காட்டும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே இரண்டையும் நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். முந்தின இரவு திருவிழாவில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் காது சற்று மந்தமாகத்தான் இருக்கும், காது கேட்கும் சோதனையில் அது அப்படியே விழும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் அதே கதை. சில நாள் முன்பே கிளினிக்கில் எடுத்துவிடுங்கள். சிறுநீரில் போதைப்பொருள் பார்ப்பார்கள். குருமாவுக்கு அரைத்துப் போடும் கசகசாவும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் அங்கே போதைப்பொருள்போல் காட்டி வம்பு செய்யும். மூன்று நாளைக்குக் கசகசா வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். இருமல் மருந்து குடித்திருந்தால் பாட்டிலோடு போய் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணாடி போடுபவர் இரண்டு கண்ணாடி எடுத்துப் போகட்டும். கப்பலில் ஒன்று உடைந்தால் மாற்று கிடைக்காது.

அடுத்தது, மறைப்பது. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் குடும்பங்களில் இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் சின்ன வயதிலேயே வருகின்றன. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் படிவத்தில் ‘இல்லை’ என்று கோடு போடுகிறார்கள். எம்எல்சி 2006 என்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, கப்பலில் ஏறியபின் வரும் நோய்க்குச் சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. ஆனால் வேலையில் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு அவர் பொறுப்பில்லை என்றும் அதே உடன்படிக்கை இடம் கொடுக்கிறது. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்தாலே பில் என்னவாகும் என்று யோசியுங்கள். மாத்திரையில் சர்க்கரை நிலையாக இருந்தால் வழி உண்டு. டாக்டர் வரம்பு போட்டாவது சான்றிதழ் தரலாம். இன்சுலின் போடுபவருக்கு ஆழ்கடல் வேலை பெரும்பாலும் கிடைக்காது. வாட்ச், அதாவது கண்காணிப்புப் பணி நேரத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் அவரையும் கப்பலையும் காப்பாற்ற ஆளில்லை என்பதுதான் காரணம். டாக்டர் மறுத்துவிட்டால், வேறொரு சுதந்திரமான டாக்டரிடம் மறுபரிசோதனை கேட்க உரிமை இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

மருந்துப் பை. அரசாங்க கிளினிக்கில் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் மருந்து கிடைக்கும். ஒப்பந்தக் காலம் முழுக்க, அதோடு இன்னொரு மாதத்துக்கும் வேண்டும்; மிச்சத்தைப் பார்மசியில் வாங்கத் தயாராக இருங்கள். மருந்தின் பொதுப்பெயர், அளவு, காரணம் மூன்றும் இருக்கும்படி ஆங்கிலத்தில் டாக்டர் கடிதம் வாங்குங்கள். பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் அடுத்த நாட்டு டாக்டருக்கு விளங்காது. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். எல்லாம் கையில் வைத்திருக்கும் பையில் போகட்டும். லக்கேஜ் தொலைவது விமான நிலையத்தில் சகஜம். டிராமடால், கோடீன் போன்ற வலி மருந்துகள், தூக்க மாத்திரை இவற்றை வளைகுடாத் துறைமுகங்களில் சாதாரணமாக எண்ண முடியாது, அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில் வரை போகும். பெயரில்லாத சூரணப் பொட்டலங்களையும் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கோடாலித் தைலம் பரவாயில்லை. அது இல்லாமல் எந்த அம்மாவும் அனுப்பப்போவதில்லை.

இன்னொன்று, ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது. மலேசியாவில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பார்க்கிறார்கள். குறை இருந்தால் கார்டு கொடுப்பார்கள். அந்தக் கார்டு இருபது வருடமாக லயத்து வீட்டில் அம்மாவின் பீரோவில் கிடக்கும். எடுத்துப் பையில் வையுங்கள். பிரிமாகுயின், டாப்சோன், நைட்ரோபியூரன்டாயின் போன்ற மருந்துகள் இவர்களுக்கு இரத்த அணுக்களை உடைத்துவிடும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். ஆபீசருக்கு இது தானாகத் தெரிய வழியில்லை.

பல்லை மறக்க வேண்டாம். சொத்தை, கடைவாய்ப் பல் இரண்டையும் எக்ஸ்ரே எடுத்து முன்பே முடித்துவிடுங்கள். கண்டெய்னர் கப்பல் துறைமுகத்தில் ஒரு நாள் நிற்பதே அதிகம், அதற்குள் பல் டாக்டர் நேரம் கிடைப்பது அதிர்ஷ்டம். கப்பலில் கிடைப்பது வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், கிராம்பு எண்ணெய்.

கடலில் நோய் வந்தால் நடப்பது இதுதான். செகண்ட் ஆபீசர் சாட்டிலைட் வழியாகக் கரை டாக்டரைப் பிடிப்பார். ரோமில் 1935-ல் தொடங்கிய சிஐஆர்எம் என்ற கடலோடிகளுக்கான மருத்துவ ஆலோசனை மையம் எந்த நாட்டுக் கொடிக் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. வேறு நாடுகளிலும் இப்படி மையங்கள் உண்டு. நோயாளியைத் தொட்டுப் பார்க்க முடியாத டாக்டருக்கு எண்கள்தான் கண். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், காய்ச்சல், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு, இவற்றை நேரத்தோடு எழுத வேண்டும். வலி மாத்திரை போட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். வயிற்றுவலி என்று மட்டும் சொன்னால் போதாது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, இருமினால் குத்துகிறது என்றால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். கப்பல் திசை மாறுவதா என்பது அந்தச் சின்ன விவரத்தில் தீர்மானமாகும். நடுக்கடலுக்கு ஹெலிகாப்டர் எட்டாது. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நம் பையன்களின் பழக்கம். ஒரு நாள் தாமதம் என்றால் துறைமுகத்திலிருந்து நூற்றுக்கணக்கான கடல்மைல் தள்ளிப் போயிருப்பீர்கள்.

எஞ்சின் ரூமில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். தலைசுற்றல், வாந்தி என்றால் வெளியே கொண்டு வந்து படுக்கவைத்து, ஓஆர்எஸ் என்ற உப்பு, சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்; பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, டீஸ்பூன் அளவு. ஆள் உளற ஆரம்பித்தால் வாயில் எதையும் ஊற்றாமல், முதலில் உடம்பை நனைத்து விசிறிக் குளிர்விக்க வேண்டும்.

நம் செம்பனை எண்ணெயே ஏற்றும் டேங்கரில் இன்னொரு ஆபத்து. எண்ணெய்க் கசடு அழுகும் தொட்டியில் ஆக்சிஜன் குறையும், ஹைட்ரஜன் சல்பைடு சேரும். மில்லின் கழிவுக்குளத்தருகே அந்த அழுகிய முட்டை நாற்றம் பழக்கமானதுதான். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே இறங்கக்கூடாது. அப்படித்தான் இரண்டாவது ஆளும் விழுகிறார்.

காகிதம். கப்பலில் டாக்டரிடம் பேசியது, கொடுத்த மருந்து, காயம் பட்ட நேரம் எல்லாம் பதிவில் ஏற வேண்டும். இறங்கும்போது நகல் கேளுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைச் செலவுக்கும் சம்பளத்துக்கும் முதலாளியின் பொறுப்பை நாட்டுச் சட்டம் காலம் போட்டுக் குறைக்கலாம், ஆனால் 16 வாரத்துக்குக் கீழே போக முடியாது. துறைமுகத்தில் டாக்டரைப் பார்க்கக் கேட்பதும் உரிமைதான். உடனடிச் சிகிச்சை தேவைப்படுபவரைத் துறைமுக நாடு தாமதமில்லாமல் இறக்க வேண்டும் என்ற எம்எல்சி திருத்தம் 2024 டிசம்பர் 23-ல் நடப்புக்கு வந்தது.

மேற்கு ஆப்பிரிக்கா போகும் கப்பல் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு ஆயுள் முழுக்க. மலேரியாவுக்கு டாக்சிசைக்ளின் என்றால் தினம் 100 மில்லிகிராம், அந்தக் கரையைவிட்டு வந்தபின்னும் நான்கு வாரம். பலர் துறைமுகம் விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள், தப்பு. வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தால் இங்கே எல்லாருக்கும் முதலில் டெங்கிதான் ஞாபகம் வரும். கடைசியாக எந்தத் துறைமுகங்களுக்குப் போனீர்கள் என்று கவுன்டரிலேயே சொல்லி, மலேரியாவுக்கு இரத்தப் படலம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை ஒன்றுமில்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று தடவை எடுத்த பிறகே இல்லை என்று விடலாம்.