டன்வேகன் கோட்டையும் ஃப்ளோரா மெக்லவுடும்

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் பெரும்பாலோர் மலை பார்க்கப் போவார்கள். எனக்கு ஆசை வேறு. 57 வயதில் மெக்லவுட் என்ற ஸ்காட்டிஷ் குலத்துக்குத் தலைவியாகி, 98 வயதுவரை வாழ்ந்த ஃப்ளோரா மெக்லவுடின் வீடான டன்வேகன் கோட்டையைப் பார்க்க வேண்டும்.

தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீயிலிருந்து டன்வேகனுக்குப் பஸ் உண்டு. அதிகமில்லை; நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வழியெல்லாம் ஆடுகள், தூறல், தலையைச் சீவிவிட்டதுபோல் தட்டையான இரண்டு குன்றுகள். அவற்றுக்கு ‘மெக்லவுடின் மேசைகள்’ என்று பெயர்.

கடலோரப் பாறைமேல் நிற்கிறது கோட்டை. எல்லோரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் நைந்த பட்டுத்துணி முன்னால் கூடுகிறார்கள். அதுதான் குலத்தைக் காப்பதாக நம்பப்படும் தேவதைக் கொடி. 1930களின் இறுதியில் கோட்டை தீப்பிடித்தபோது, இதை எடுத்துச் சென்றதும் தழல் அடங்கியதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட, ஆலன் ராம்சே வரைந்த 22-வது தலைவரின் ஓவியம் முக்கியமாகப் பட்டது. கட்டம் போட்ட உடையில் கம்பீரமாக நிற்கிறார். 1739-இல் ஸ்கை, ஹாரிஸ் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 100 பேரைக் கப்பலேற்றி அமெரிக்காவில் கொத்தடிமைகளாக விற்க நடந்த முயற்சியில் இவருக்கும் பங்கிருந்ததாகக் குற்றச்சாட்டு உண்டு. கப்பல் அயர்லாந்தில் ஒதுங்கியதால் அவர்கள் தப்பினார்கள். தலைவன் என்றாலே காவலன் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இந்தப் படத்தின் முன் கொஞ்சம் நிற்கலாம்.

அதே வம்சத்தில் நேரெதிரான ஒருவரும் இருந்தார். 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, 25-வது தலைவர் குடிகளுக்குச் சோறு போட்டே கடனாளியானார். கோட்டையை விட்டு லண்டனுக்குப் போய்க் குமாஸ்தா வேலை பார்த்தார். அவருடைய பேத்திதான் ஃப்ளோரா.

ஃப்ளோரா பிறந்தது 1878-இல், லண்டன் டவுனிங் தெருவின் 11-ஆம் எண் வீட்டில். தாய்வழித் தாத்தா அப்போது நிதியமைச்சர். கணவர் ஹியூபர்ட் வால்டர் பத்திரிகையாளர், 1933-இல் இறந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் பெண்கள். 1935-இல் தந்தை சர் ரெஜினால்ட் மறைந்ததும் 28-வது தலைவர் பொறுப்பு ஃப்ளோராவிடம் வந்தது.

ஆனால் எதற்குத் தலைவர்? குலத்தலைவர்கள் வழக்கு விசாரித்துத் தண்டிக்கும் பரம்பரை உரிமையை, பழைய ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற நடந்த 1745 கிளர்ச்சிக்குப் பிறகு நாடாளுமன்றம் பறித்துவிட்டது. குலத்தாரில் பலர் வறுமையாலும், நிலவுடைமையாளர்கள் வெளியேற்றியதாலும் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போய்விட்டார்கள். மிஞ்சியது ஒழுகும் கோட்டையும் ஒரு பட்டமும்.

இந்த இடத்தில்தான் ஃப்ளோராவின் சாமர்த்தியம். குலம் வராவிட்டால் தலைவி போகட்டும் என்று, எழுபது வயதைத் தாண்டியபின் உலகம் சுற்றினார். போன நாடுகளில் மெக்லவுட் சங்கங்கள் தோன்றின. 1953-இல், ‘சர்’ பட்டத்துக்கு இணையாகப் பெண்களுக்குத் தரும் ‘டேம்’ பட்டம் கிடைத்தது. 1956-இல் அரசி எலிசபெத் டன்வேகனுக்கு வந்தார். குலத்தின் ‘பாராளுமன்றம்’ என்ற கூட்டமும் அந்த ஆண்டுதான் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்றும் கூடுகிறார்கள். அதிகாரம் போன பதவியை உறவு விசாரிக்கும் வேலையாக மாற்றியவர் அவர். அப்படி நாடுவிட்டுப் போனவர்களின் வழிவந்தவர்கள் கோட்டைக்காரர்களை ஏன் மன்னித்தார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மன்னித்தார்களா, அல்லது ஊர் ஏக்கம் பெரிதாகிவிட்டதா?

1976-இல் காலமானார். முந்தைய தலைவர்களைப் போலவே டன்வேகன் அருகே கில்மூர் இடுகாட்டில் அடக்கம். அடுத்து வந்த பேரன் ஜான், 2000-ஆம் ஆண்டில் கோட்டைக் கூரையைச் சரிசெய்யப் பணம் வேண்டுமென்று ஸ்கையின் கூலின் மலைத்தொடரையே 1 கோடி பவுண்டுக்கு விலை பேசினார். ‘மலை உங்கள் சொத்தா?’ என்று பெரும் எதிர்ப்பு கிளம்பி, விற்பனை நின்றுபோனது.

போவதானால் ஏப்ரலுக்கும் அக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையில் போங்கள். குளிர்காலத்தில் கோட்டையைப் பூட்டிவிடுவார்கள். டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம்தான். மலையை விற்பதைவிட இது மேல் என்று கொடுத்துவிட்டேன்.