ஸ்டாலினுக்கு ரொம்ப பிடிச்ச படம்

ரெண்டு நாளா மனசு சோவியத் யூனியனை ஆண்ட ஸ்டாலின் படிச்ச புக்கு, பாத்த படம் இதுலயே சுத்திக்கிட்டு இருக்கு. சும்மா அலமாரில அடுக்கி வைக்கிற ஆளு இல்ல, கிட்டத்தட்ட 25,000 புக்கு சேத்து, கலர் பென்சிலால அடிக்கோடு போட்டு, ஓரத்துல 'ஹா ஹா'ன்னு கிறுக்கி, பரம எதிரி ட்ராட்ஸ்கி எழுதினதைக்கூட உக்காந்து படிச்சிருக்காரு. ராத்திரி ஆனா கிரெம்ளின்ல அவருக்குன்னே இருந்த குட்டி தியேட்டர்ல படம். அதுல ரொம்ப பிடிச்சது 'வோல்கா வோல்கா', 1938ல வந்தது, பாட்டும் கூத்துமா போற காமெடி, திரும்பத் திரும்ப போடச் சொல்லி பாப்பாராம்.

எனக்குத் தாங்கவே முடியாதது இதுதான். அந்தப் படத்தோட கேமராமேன் விளாதிமிர் நீல்சனை படம் எடுத்துக்கிட்டு இருக்கும்போதே 1937 அக்டோபர்ல ஸ்டாலினோட போலீஸே அரெஸ்ட் பண்ணி, 1938 ஜனவரில சுட்டுக் கொன்னுட்டாங்க, டைட்டில்ல இருந்து பேரையும் தூக்கிட்டாங்க. ஏப்ரல்ல படம் ரிலீஸ். அதைத்தான் அந்த மனுஷன் ரசிச்சு ரசிச்சு பாத்திருக்காரு, எப்படிய்யா முடிஞ்சுது? நேத்து நைட்டு போட்டுப் பாக்கலாம்னு உக்காந்தேன். ஆத்துல ஸ்டீமர் போகுது, எல்லாரும் பாடுறாங்க. முழுசா பாக்க முடியல, பாதில நிறுத்திட்டேன்.