கார்பன் க்யூ: கறையா, விரிசலா?

பில்லியர்ட்ஸ் பந்தைத் தட்டும் கோல்தான் க்யூ; கார்பன் க்யூவில் அதன் முன்பாதி கார்பன் இழை. அதில் தெரியும் கோடெல்லாம் பழுதல்ல. இழை அலையலையாக ஓடுவது வெறும் தோற்றம். நுனியில் தடவும் சாக்கின் நீலக் கறையும் அப்படித்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், மேல்பூச்சு தேய்ந்தால் இழை விரலில் ஏறும்.

நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். சிக்கும் இடத்தை நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். பக்கமெல்லாம் 'டிக்', அங்கே மட்டும் 'டொக்' என்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரு பாதியையும் சேர்த்துத் திருகிய பிறகு டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் இணைப்பில் வெளிச்சம் கசியக் கூடாது. ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஐப்பசி அடைமழையில், காலர் (இணைப்பைச் சுற்றிய வளையம்) இல்லாத மர அடிக்கட்டை, அதாவது கைபிடிக்கும் பின்பாதி, ஈரம் குடித்து உப்பிவிடும், கார்பன் அசையாது. அதனால் இணைப்பில் விரலுக்குத் தட்டும் சிறு படி தயாரிப்புக் கோளாறு என்று உடனே சண்டைக்குப் போகாமல், பங்குனியில் மறுபடி தடவிப் பாருங்கள்.