சாரக்கட்டின் கீழ் ஒரு படை

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் எங்கள் சின்னையாவின் இடுப்பில், சாரக்கட்டுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையளவு படையொன்று ஏழு வருடங்களாக இருந்தது. சேறு, வியர்வை, ஈரச் சாரம் என்று வன்னியில் படைக்குக் காரணம் சொல்வது எளிது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். பிறகு பாமசியில் வாங்கிய கிறீமைப் பூசினார். பூசும்போது அடங்கி, விட்டதும் கிளம்பி, அது தொடை வரை பரவியது.

தொழுநோயோ என்ற அச்சமே எங்களைத் தோல் கிளினிக்குக்குக் கொண்டுபோனது. சின்னம்மா அதற்கு முன்பே அவருடைய கோப்பையையும் தலையணையையும் வேறாக்கிவிட்டார். வைத்தியர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் துணுக்கால் படையைத் தொட்டு, "தொட்ட இடத்தைக் காட்டுங்கோ ஐயா" என்றார். ஓரிடமும் பிசகாமல் சின்னையா விரல் வைத்தார். உணர்ச்சி குறையவில்லை, வெயில் படாத இடத்தில், பல வருடமாக ஆறாமல் இருக்கிறது என்பதால், தோலில் சிறு துண்டெடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். முதல் முடிவு தெளிவில்லை. கிறீமைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்த துண்டிலேயே நோய் பிடிபட்டது: மைக்கோசிஸ் பங்கோயிடிஸ்.

தோலில் தொடங்கும் நிணநீர்ப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். 1806 இல் பிரெஞ்சு வைத்தியர் அலிபேர் விவரித்த இந்நோயில், முற்றிய கட்டிகள் காளானை ஒத்திருந்ததால் அப்பெயர் வந்ததே தவிர, பங்கசுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நோயெதிர்ப்புக்குரிய ரி கலங்கள் கட்டுமீறித் தோலில் பெருகுவதே நோய். ஆகவே தொட்டால் தொற்றாது. எங்கள் நிறத் தோலில் இது வெளிறிய தேமல் போலவும் வரக்கூடும் என்பதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

புற்றுநோய் என்றதும் சின்னையா காணியை எழுதிக்கொடுக்கப் புறப்பட்டார். ஆனால் தோலோடு நிற்கும் ஆரம்ப நிலையில் பெரும்பாலும் இது மிக மெதுவாக நகரும் நோய். வீரியமான ஸ்டீரொயிட் பூச்சும், 311 நானோமீற்றர் அளவிலான புறஊதா ஒளிச்சிகிச்சையுமே பலருக்குப் போதும். கட்டியானால் கதிர்ச்சிகிச்சை உண்டு. இரத்தத்துக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவினால்தான் முழு உடலுக்குமான மருந்துகள் முன்னுக்கு வரும். முழுதாக மாறிவிடும் என்று எவரும் உறுதி தரவில்லை. அடக்கிவைக்கலாம், திரும்பி வந்தால் மறுபடி ஒளி கொடுக்கலாம் என்றார்கள்.

வாரம் மூன்று நாள், விதைப்புக் காலத்திலும் தவறாமல், ஏ-9 வீதியில் விடியற்காலை பஸ் ஏறினார். நான்காம் மாதம் தொடையிலிருந்த படை நிறம் மங்கியது. சின்னம்மா கோப்பையைப் பழைய இடத்தில் வைத்தார்.